பயணத்தில் மருந்தும் ஓர் அமானிதமே!

(கோடை விடுமுறைக்கும் ஹஜ் பயணத்திற்கும் முன்னதாக, ஜும்ஆத் தொழுகைக்குப் பின் நமது பள்ளிவாசலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் உரைத்து, இன்று சற்று மாறுபட்ட ஒரு பொருளைப் பற்றி உங்கள் முன் பேச விழைகின்றோம். கோடைகாலப் பயணத்தில் ஊசி மருந்துகளைப் பேணுவது எப்படி என்பதே அப்பொருள். மிம்பரின் அருகே நின்று மருந்தைப் பற்றிப் பேசலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைக் காக்கும் மருந்தும் அவ்வாறே. அமானிதத்தைப் பேணும் முறையைச் சொல்வதற்குப் பள்ளிவாசலைவிடப் பொருத்தமான இடம் ஏது?

நாம் மருத்துவர் அல்லர். மருந்தின் அளவையோ வகையையோ முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு. மருந்து உறைகளிலும் மருத்துவ ஆய்வுகளிலும் கூறப்பட்டிருப்பவற்றை, நமது மக்கள் மேற்கொள்ளும் பயணங்களோடு இணைத்து எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

இல்லந்தோறும் நுழைந்துவிட்ட நோய்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023ஆம் ஆண்டு வெளியான பேராய்வு, நமது நாட்டில் 10 கோடியே 10 இலட்சம் பேர் சர்க்கரை நோயாளிகள் எனக் கணித்தது. தமிழகத்தில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இந்நோய் உள்ளவர்கள். நமது தெருவில் வரிசையாக நிற்கும் வீடுகளை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கிவிடும். இன்சுலின் என்ற சொல் இன்று பாட்டிமார்களும் பழகிவிட்ட சொல்லாகிவிட்டது.

இவ்வரிசையில் அண்மையில் சேர்ந்தவை உடல் எடையைக் குறைக்கும் வாராந்திர ஊசிகள். டிர்செபடைட் என்னும் மருந்து ‘மௌஞ்சாரோ’ என்ற பெயரில் 2025 மார்ச் மாதத்திலும், செமாக்ளுடைட் என்னும் மருந்து ‘விகோவி’ என்ற பெயரில் 2025 ஜூன் மாதத்திலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. உணவுக்குப் பின் நமது குடலில் இயற்கையாகச் சுரக்கும் சில சுரப்புகளைப் போல இவை செயல்படுகின்றன. பசியைக் குறைக்கின்றன, வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துகின்றன, சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும் உதவுகின்றன. அளவுக்கு மீறிய பருமனும் அதனால் விளையும் நோய்களும் உள்ளவர்களுக்காக, மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டுமே தரப்பட வேண்டிய மருந்துகள் இவை. திருமணத்திற்கு முன் மெலிந்து காட்சியளிக்க வேண்டும் என்பதற்காக எவரும் தாமாகப் போட்டுக்கொள்ளத் தக்கவை அல்ல.

இவற்றில் பன்றியின் பொருள் கலந்துள்ளதா என்று பலர் நம்மிடம் வினவுகின்றனர். 1921இல் கண்டறியப்பட்ட இன்சுலின் பல்லாண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது உண்மை. 1982 முதல் நுண்ணுயிர்களின் துணையால் மனித இன்சுலினையே தயாரிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. செமாக்ளுடைட் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் துணையாலும், டிர்செபடைட் வேதியியல் முறையிலும் தயாராகின்றன. ஆகவே இவ்வகையில் ஐயம் கொள்ளத் தேவையில்லை.

திரிந்து காட்டாத மருந்து

திருவில்லிபுத்தூர் பால்கோவாவின் புகழை நாமெல்லாம் அறிவோம். பாலோடு பழகிய மண் இது. பால் கெட்டால் திரிந்து காட்டும். புளித்த வாடை வீசும். குழந்தைகூடக் கண்டுகொள்ளும். ஊசி மருந்தோ அப்படியன்று. வெப்பத்தால் வலுவிழந்த பின்னரும் பல வேளைகளில் அது பளிங்கு நீர் போலவே தெளிந்து நிற்கும். கண்ணால் பார்த்தும் முகர்ந்தும் அறிய இயலாது. உடலுக்குள் சென்ற பின்னர், சர்க்கரை ஏறும்போதுதான் உண்மை வெளிப்படும்.

இம்மருந்துகள் யாவும் புரத வகையைச் சேர்ந்தவை. அதிக வெப்பத்தில் அவற்றின் அமைப்பு சிதைகிறது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரியினர் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், இன்சுலினை 32 டிகிரியிலும் 37 டிகிரியிலும் 28 நாட்கள் வைத்துச் சோதித்தபோது அதன் வலிமை 14 முதல் 18 விழுக்காடு வரை குறைந்திருந்தது. 37 டிகிரி என்பது நமது பகுதியில் பங்குனி, சித்திரை மாதங்களில் அரிதானதோர் அளவா? பகல் முழுவதும் வெயில் காயும் ஓட்டு வீட்டு அலமாரியில் வைக்கப்பட்ட மருந்து இந்நிலையில்தான் இருக்கிறது.

வெப்பத்தைப் போலவே உறைபனியும் இவற்றுக்குப் பகை. ஒரு முறை உறைந்துவிட்ட மருந்து, பின்னர் உருகித் தெளிந்தாலும் பயன்படுத்தத் தகாதது, எறிந்துவிட வேண்டியதே. ஆகவே குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் அறையில் வைப்பதும், அவ்வறைக்குக் கீழே ஒட்டினாற்போல் வைப்பதும் தவறு. அடிக்கடி திறந்து மூடும் கதவுப் பகுதியும் ஏற்றதன்று. நடுத்தட்டில், ஒரு சிறு டப்பாவில், அதன் அட்டைப் பெட்டியுடனேயே வைப்பதே முறை.

‘அறை வெப்பநிலை’ யாருடைய அறை?

திறக்கப்படாத மருந்தை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையே வைக்க வேண்டும் என்பது இம்மருந்துகள் அனைத்துக்கும் பொதுவான விதி. பயன்பாட்டில் உள்ளதைச் சில வாரங்கள் வெளியில் வைக்க அனுமதி உண்டு. பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் பெரும்பாலும் 4 வாரங்கள் தாங்கும். மௌஞ்சாரோ குப்பியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே 21 நாட்கள் வரை வைக்கலாம்; அதன் பேனா ஊசி பயன்படுத்தத் தொடங்கிய பின் 30 நாட்கள் வரை தாங்கும். விகோவி பேனா தொடங்கிய பின் 6 வாரங்கள் வரை தாங்கும். ஆனால் இவ்வனுமதிகள் அனைத்துக்கும் ஒரே நிபந்தனை உண்டு: வெப்பம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது.

நம்மவர்கள் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுவே. ‘அறை வெப்பநிலையில் வைக்கலாம்’ என்று மருந்துக் கடையில் சொன்னதும், நமது வீட்டு அறை என எண்ணிக்கொள்கின்றனர். குளிர்நாட்டு அறைக்குப் பொருந்தும் சொல் அது. கோடையில் நமது ஊர் அறை 30 டிகிரியை முற்பகலிலேயே தாண்டிவிடுகிறது. எனவே சித்திரை வெயிலில் நமக்கு அறை என்பதே இல்லை. குளிர்சாதனப் பெட்டியோ, அதற்கு ஈடான ஓர் ஏற்பாடோ வேண்டும்.

மின்சாரம் தடைப்படும் ஊரில், உறவினர் வீட்டில், திண்ணையில் தங்கும் வேளையில் என்ன செய்வது? நமது முன்னோர் தண்ணீரைக் குளிர்வித்த மண்பானையே கைகொடுக்கும். பெரிய பானையில் ஈர மணல் பரப்பி, அதனுள் சிறிய பானை ஒன்றை வைத்து, நீர் புகாத டப்பாவில் மருந்தை இட்டு, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தால் உள்ளே வெப்பம் பல டிகிரி தணிகிறது. வெப்ப நாடுகளில் இன்சுலினைக் காக்க இம்முறை உதவுவதை ஆய்வாளர்களும் சோதித்துக் கூறியுள்ளனர். காற்று வறண்டிருக்கும் இடத்தில் இது நன்கு பயன் தரும்; கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் அவ்வளவு பயன் தராது. இதே தத்துவத்தில், தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர் உறைகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. பயணத்திற்கு அவை மிக ஏற்றவை.

வீட்டு வாசலில் இருந்து விமானம் வரை

பயணத்தில் மருந்து கெடும் இடங்கள் சிலவே. அவற்றை அறிந்துகொண்டால் போதும்.

முதலாவது, நிறுத்தி வைக்கப்பட்ட வாகனம். கண்ணாடி ஏற்றப்பட்டு வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே 50 டிகிரியைத் தாண்டக்கூடும். ‘ஜியாரத்தை முடித்துவிட்டு உடனே வந்துவிடுவோம்’ என்று முன்பெட்டியில் வைத்துச் செல்லும் மருந்து, அந்த ஒரு மணி நேரத்தில் வீணாகிவிடலாம். நாம் வாகனத்தை விட்டு இறங்கினால் மருந்தும் நம்மோடு இறங்க வேண்டும்.

இரண்டாவது, பேருந்தும் ரயிலும். சென்னைக்குப் பொதிகை ரயிலில் இரவில் செல்வோருக்குச் சிரமம் குறைவு. பகல் நேரப் பேருந்தில் செல்வோர், இஞ்சின் சூடு ஏறும் முன்பகுதியிலும், வெயில் விழும் சன்னலோரத்திலும், கூரை மீதும் மருந்துப் பையை வைக்கலாகாது. பிளாஸ்கில் ஐஸ் கட்டிகளை இட்டு அதன் மீது நேராக ஊசியைப் போட்டுச் செல்லும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஐஸைத் தொட்டு நிற்கும் மருந்து உறைந்துவிடும். ஐஸுக்கும் மருந்துக்கும் இடையே மடித்த துண்டு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, விமானம். சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் ஊசி மருந்தை ஒருபோதும் வைக்கக் கூடாது. அங்கே குளிரில் உறையலாம். விமான நிலையத் தளத்தில் வெயிலில் காயலாம். பெட்டியே வேறு ஊருக்குப் போய்விடலாம். கைப்பையில் வைத்து, மருத்துவரின் சீட்டையும், மருந்தின் பெயர் அச்சிட்ட அசல் அட்டைப் பெட்டியையும் உடன் கொண்டு செல்லுங்கள். 100 மில்லி லிட்டருக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியில் அவசிய மருந்துகளுக்கு விலக்கு உண்டு. சோதனையின்போது முன்கூட்டியே அதிகாரியிடம் எடுத்துக் காட்டிவிட வேண்டும்.

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நமது பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோர் மீதுள்ள அன்பால் அங்கிருந்து ஊசி மருந்து வாங்கி அனுப்புகிறீர்கள். விடுமுறையில் வரும் நண்பரின் பெட்டியில், சட்டைகளுக்கு நடுவே, அது துபாயின் வெயிலையும் மதுரையின் வெயிலையும் கடந்து இங்கு வந்து சேர்கிறது. அனுப்பியவர் கொடுத்த விலை கணக்கில் நிற்கிறது. மருந்தின் வலிமை நிற்கிறதா என்பதை யாரும் அறியார். மேலும் உலக சுகாதார நிறுவனம், போலியான செமாக்ளுடைட் ஊசிகள் பிரேசில், இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் பிடிபட்டதைச் சுட்டி 2024 ஜூனில் எச்சரிக்கை விடுத்தது. தாய்க்கு மருந்து வாங்கித் தர விரும்பும் மகன், பணத்தை அனுப்பி, இவ்வூர் மருத்துவரின் சீட்டோடு, குளிர்பதனம் உள்ள கடையில் வாங்கச் செய்வதே மேலான கித்மத்.

புனித மண்ணின் வெயில்

ஹஜ்ஜும் உம்ராவும் செல்வோர் இப்பகுதியை உன்னிப்பாகச் செவிமடுக்க வேண்டுகின்றோம். 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது, ஜூன் 17ஆம் நாள், மக்காவின் புனித ஹரமில் 51.8 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. அவ்வாண்டு 1,301 ஹாஜிகள் மரணமடைந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதியின்றிச் சென்று, நிழலும் தங்குமிடமும் இன்றி நெடுந்தூரம் வெயிலில் நடந்தவர்கள் என்றும் அவ்வரசு கூறியது. அல்லாஹ் அவர்கள் அனைவரின் பாவங்களையும் மன்னிப்பானாக.

இத்தகைய வெயிலில் எடை குறைப்பு ஊசி போடுவோருக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. இம்மருந்து பசியைக் குறைப்பதால் உணவோடு உட்செல்லும் நீரும் குறைகிறது. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை இதன் பரவலான பக்க விளைவுகள். இவற்றோடு வியர்வையும் சேர்ந்தால் உடலின் நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிப்படையும் அளவுக்கு நிலைமை முற்றலாம். எனவே தாகம் எடுக்கும் வரை காத்திராமல், சிறிது சிறிதாக ஸம்ஸம் நீரையோ உப்புச் சர்க்கரைக் கரைசலையோ பருகிக்கொண்டே இருங்கள். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாக மாறினால் அது உடல் விடுக்கும் எச்சரிக்கை என அறியுங்கள். வாந்தி நிற்காவிடில் குழுத் தலைவரிடம் கூறி மருத்துவ முகாமுக்குச் சென்றுவிடுங்கள். இருதயமோ சிறுநீரகமோ பழுதுபட்டவர்கள் எவ்வளவு நீர் பருகலாம் என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வூசிகளைக் குறைந்த அளவில் தொடங்கி, குறைந்தது நான்கு வாரங்களுக்கு ஒரு படியாகத்தான் அளவை உயர்த்துவர். அளவு உயரும்போதே குமட்டல் மிகுதியாகும். ஆகவே புறப்படும் வாரத்தில் புதிதாகத் தொடங்குவதும் அளவை உயர்த்துவதும் அறிவுடைமை ஆகாது. இதைப் பற்றி ஒரு மாதத்திற்கு முன்பே மருத்துவரிடம் கலந்து பேசுங்கள். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் வேறு சில மாத்திரைகளோ சேர்த்து எடுப்போருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. சட்டைப் பையில் நான்கு பேரீச்சம் பழங்கள் எப்போதும் இருக்கட்டும்.

சவூதி நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. வாரம் ஒரு முறை போடும் ஊசிக்கு இது ஒரு பொருட்டே அன்று. கிழமையை மட்டும் நினைவில் வைத்தால் போதும். கிழமை தவறினால், டிர்செபடைட் ஊசியை நான்கு நாட்களுக்குள் போட்டுக்கொள்ளலாம். விகோவியை, அடுத்த ஊசிக்கு இரண்டு நாட்களுக்கு மேல் இருந்தால் போட்டுக்கொள்ளலாம். அதற்கும் பிந்திவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வழக்கமான கிழமையில் தொடர வேண்டும். விட்டுப்போனதை ஈடுகட்ட இரண்டு ஊசி போடுவது கூடவே கூடாது.

இங்கே முக்கியமான ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்துங்கள். மினாவின் கூடாரத்தில் மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வழியில்லாது போய்விட்டது. மருந்து கெட்டிருக்குமோ என்ற ஐயம் எழுகிறது. அது எடை குறைப்பதற்காக மட்டும் போடும் ஊசி என்றால், மருத்துவரின் ஆலோசனையோடு ஒரு வாரம் விட்டுவிடலாம். இன்சுலினை அவ்வாறு விட முடியாது. சிறுவயது முதல் இன்சுலினால் வாழ்பவர்களுக்கு அது நின்றால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. அவர்கள் தேவைக்கு இரு மடங்கு மருந்தை எடுத்துச் சென்று, அதை இரண்டு கைப்பைகளில் பிரித்து, ஒன்றை உடன் வருபவரிடம் ஒப்படைக்க வேண்டும். சர்க்கரையைச் சோதிக்கும் கருவியும் உடன் இருக்க வேண்டும். அக்கருவியின் பட்டைகளும் வெயிலில் கெடும் என்பதை மறவாதீர்கள்.

மார்க்கம் தரும் எளிமை

இஹ்ராமில் ஊசி போடலாமா எனக் கேட்கின்றனர். தாராளமாகப் போடலாம், அதற்குப் பரிகாரம் ஏதுமில்லை. மருந்துப் பையை இடுப்பில் கட்டிக்கொள்வதிலும் தடையில்லை.

நோன்பில் ஊசி போடலாமா என்பது அடுத்த வினா. 1997ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தோலுக்கடியிலும் தசையிலும் நரம்பிலும் செலுத்தப்படும் சிகிச்சை ஊசிகளால் நோன்பு முறியாது என்றும், ஊட்டம் தரும் திரவங்களும் ஊசிகளும் இதில் அடங்கா என்றும் தீர்மானித்துள்ளது. அதே வேளையில் நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பைப் பிற்படுத்தும் சலுகையை அல்லாஹ்வே வழங்கியுள்ளான். மருத்துவர் தடுத்தும் வீம்புக்காக நோன்பிருந்து மயங்கி விழுவது இபாதத்தின் அழகன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன் மீது பொறுப்புச் சாட்டுமாறு போதிக்கப்பட்ட சமுதாயம் நாம். மருந்தைக் குளிர் உறையில் வைத்துவிட்டுப் பிறகு தவக்குல் வைப்போம்.

பகிரக் கூடாத ஒரு பொருள்

ஒரு தட்டில் பலர் உண்ணும் பண்பாடு நம்முடையது. ஆனால் ஒருவரின் பேனா ஊசியை மற்றவர் பயன்படுத்தலாகாது. கணவன் மனைவிக்கிடையேயும் கூடாது. முனையை மாற்றினாலும் பேனாவின் உள்ளே இரத்தம் பின்வாங்கி, மஞ்சள் காமாலைக் கிருமி முதல் எய்ட்ஸ் கிருமி வரை பரவ வழியுண்டு. மௌஞ்சாரோ அறிமுகமானபோது 5 மில்லி கிராம் குப்பி ஒன்றின் விலை 4,375 ரூபாய். விலையைக் கருதி இருவர் பகிர்ந்துகொள்ள நினைக்கும் ஆசை புரிகிறது. எனினும் அதனால் வரும் நோயின் விலை அதனினும் பெரிது. பயன்படுத்திய முனைகளை விடுதி அறையின் குப்பைக் கூடையில் வீசாமல், கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் இட்டு மூடி, மருத்துவ முகாமிலோ மருத்துவமனையிலோ ஒப்படையுங்கள். அறையைத் துப்புரவு செய்ய வரும் ஏழைத் தொழிலாளியின் கையில் அது குத்தினால், அதற்கும் நாம் பதில் சொல்ல வேண்டியவர்களே.

ஜமாஅத்தார்களிடம் ஒரு வேண்டுகோள்

ஹஜ், உம்ரா செல்வோரை வழியனுப்ப வரும்போது மாலையும் இனிப்பும் கொண்டு வருகிறோம். இனி ஒரு கேள்வியையும் கொண்டு வருவோம்: ‘உங்கள் மருந்து எந்தப் பையில் இருக்கிறது?’ படிக்கத் தெரிந்த இளைஞர்கள், தம் தெருவில் உள்ள முதியோரின் மருந்து உறையை வாசித்து, எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்பதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். திறந்த தேதியைப் பேனாவின் மீதே குறித்துக் கொடுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டாரின் மருந்துக்கு, இருக்கும் வீட்டார் ஒரு தட்டில் இடம் கொடுங்கள். இவையெல்லாம் செலவில்லாத ஸதக்காக்கள்.

மருந்து அருகில் இருந்தும், கெட்டுப்போனது தெரியாமல் அதையே நம்பியிருந்து ஒருவர் துன்புறுவது மிகவும் வேதனைக்குரியது. சிறிது முன்யோசனை இருந்தால் அதைத் தவிர்த்துவிடலாம்.

பயணம் செல்வோர் அனைவரையும் நலமே கொண்டு சென்று, நலமே திருப்பிக் கொண்டு வருவானாக! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள் அனைத்தையும் பேணும் நல்லடியார்களாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.